கியோட்டோவில் சுற்றிவர: ரயில் முதலில், பஸ் பிறகு

கியோட்டோ போய் வந்தவர்களிடம் பயணம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். கோயில்களைப் பற்றி நல்லபடியாகச் சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பற்றிப் புலம்பத் தொடங்குவார்கள். கூட்டம், நின்றுகொண்டே பயணம், இரண்டு கிலோமீட்டருக்கு அரை மணி நேரம். புலம்பல் நியாயமானதுதான். ஆனால் அதில் பெரும்பகுதியைத் தவிர்க்க முடியும். இந்த ஊரில் ரயில் போகும் தூரத்துக்கு ரயிலில் போய், மிச்சத்துக்கு மட்டும் பஸ் ஏறினால் போதும். வழிகாட்டிப் பலகைகளும் விடுதி வரவேற்பறைகளும் ‘இந்த இடத்துக்கு இந்த நம்பர் பஸ்’ என்று சொல்லியே பழகியிருப்பதால், புதிதாக வருபவர் ரயிலை யோசிப்பதே இல்லை.

ஏன் இப்படி ஆனது என்பதற்குக் கொஞ்சம் வரலாறு. ஜப்பானின் முதல் மின்சார டிராம் வண்டி 1895-இல் ஓடியது இந்த ஊரில்தான். மாநகராட்சி டிராம்கள் 1978-இல் முழுதாக நிறுத்தப்பட்டன. அதற்குப் பதிலாக வந்த சுரங்க ரயிலுக்கு இரண்டே பாதைகள். கரசுமா பாதை 1981-இல் வந்தது, தோசாய் பாதை 1997-இல். 794-இல் தலைநகரான ஊர் என்பதால் மண்ணுக்கடியில் எங்கே தோண்டினாலும் பழைய காலத்துச் சுவடுகள் கிடைக்கும். தொல்பொருள் ஆய்வு முடியாமல் வேலை நகராது. ஆக, பெரிய கோயில்கள் பலவற்றுக்கு வாசல் வரை ரயில் கிடையாது. அந்த இடைவெளியை நிரப்புகிறவை பஸ்கள்.

முதல் வேலை: அட்டை வாங்குவது

வந்து இறங்கியதும் ஒரு பயண அட்டை வாங்கிவிடுங்கள். கியோட்டோ, ஒசாகா அடங்கிய கன்சாய் பகுதியில் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) நிறுவனம் தருவதற்கு இக்கோக்கா என்று பெயர். விலை 2,000 யென். அதில் 500 யென் முன்பணம், மீதி 1,500 பயணத்துக்கு. கன்சாய் விமான நிலைய ரயில் நிலையத்திலும், கியோட்டோ நிலையத்திலும் இயந்திரத்திலேயே கிடைக்கும். இயந்திரத்தில் ஆங்கிலத்துக்கு மாற்றும் பொத்தான் உண்டு. ஏற்கெனவே டோக்கியோவில் சுயிக்காவோ பாஸ்மோவோ வாங்கியிருந்தால் புதிதாக வாங்க வேண்டாம். 2013 முதல் நாட்டின் பெரிய அட்டைகள் பத்தும் ஒன்றின் பகுதியில் இன்னொன்று செல்லும்.

இரண்டு விஷயங்களை மட்டும் மனதில் வையுங்கள். ஒன்று, ஆளுக்கு ஓர் அட்டை. கணவனும் மனைவியும் ஒரே அட்டையைத் தேய்த்துக் கதவைத் தாண்ட முடியாது. இரண்டு, பணம் ஏற்றுவதற்குப் பெரும்பாலும் ரொக்கம்தான் கேட்கும். ஐபோன் வைத்திருப்பவர்கள் அட்டையைப் போனுக்குள்ளேயே உருவாக்கிக்கொள்ளலாம். ஜப்பானுக்கு வெளியே விற்கும் ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலானவற்றில் அது நடக்காது. போனில் பணம் ஏற்ற இந்திய வங்கி அட்டையை நம்பியிருந்தால், வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஊரிலேயே திறந்துவிட்டுக் கிளம்புங்கள். அப்போதும் சில அட்டைகள் ஏற்காமல் போகும். பையில் கொஞ்சம் ஆயிரம் யென் தாள்கள் இருப்பது நல்லது.

குழந்தைகளுக்கு: ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு பெரியவருடன் இரண்டு பேர் வரை இலவசம். ஆறு முதல் பதினொன்று வரை பாதிக் கட்டணம். ஆனால் பாதிக் கட்டணம் பிடிக்கும் சிறுவர் அட்டையை இயந்திரத்தில் எடுக்க முடியாது. பாஸ்போர்ட்டுடன் கவுன்ட்டருக்குப் போக வேண்டும்.

ஜப்பான் ரயில் பாஸ் கையில் இருந்தால் எல்லாமே இலவசம் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். கியோட்டோவுக்குள் அது ஜே.ஆர். பாதைகளில் மட்டும் செல்லும். மாநகராட்சி பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும், ஹான்க்யூ, கெய்ஹான் போன்ற தனியார் ரயில்களிலும் செல்லாது. 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000-க்குத் தாவிய பிறகு, கியோட்டோ, ஒசாகா மட்டும் பார்ப்பவர்கள் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை.

ஊரின் எலும்புக்கூடு

கியோட்டோவின் மையப்பகுதி சதுரங்கக் கட்டம் போன்றது. தெருக்கள் வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் நேராக ஓடுகின்றன. பஸ் நிறுத்தங்களின் பெயர் பெரும்பாலும் இரண்டு தெருக்கள் சந்திக்கும் முக்கின் பெயர்தான். சிஜோ-கவராமாச்சி என்றால் சிஜோ தெருவும் கவராமாச்சி தெருவும் வெட்டிக்கொள்ளும் இடம். இது பிடிபட்டுவிட்டால் வரைபடம் பார்க்காமலே பாதி ஊர் புரியும்.

கரசுமா பாதை வடக்கு தெற்கு, தோசாய் பாதை கிழக்கு மேற்கு. இரண்டும் கரசுமா-ஒய்கே நிலையத்தில் சந்திக்கும். நிலையங்களுக்கு எண் உண்டு: கியோட்டோ நிலையம் கே11, கரசுமா-ஒய்கே கே08. பெயர் நாக்கில் நிற்காவிட்டால் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். எண் குறைந்தால் வடக்கே போகிறீர்கள், கூடினால் தெற்கே. தோசாயில் எண்ணுக்கு முன் டி வரும், கூடினால் மேற்கு.

இவை தவிர, ஊருக்குள் ஓடும் கமோ ஆற்றின் கிழக்குக் கரையை ஒட்டி கெய்ஹான் ரயில். சிஜோ தெருவுக்கு அடியில் தொடங்கி மேற்கே போய் ஒசாகா வரை ஹான்க்யூ ரயில். ஊரின் மேற்கு ஓரத்தில், அராஷியாமா பக்கம், ராண்டென் என்று செல்லமாக அழைக்கப்படும் சின்ன டிராம். ஊரின் விளிம்புகளைத் தொட்டபடி ஜே.ஆர். எல்லாவற்றிலும் அதே அட்டைதான்.

குழப்பம் வருவது பெயர்களில். சுரங்க ரயிலின் சிஜோ நிலையமும் ஹான்க்யூவின் கரசுமா நிலையமும் ஒரே இடம், பெயர்தான் வேறு. மாறாக, அராஷியாமா என்ற பெயரில் ஹான்க்யூவுக்கு ஒன்று, ராண்டென்னுக்கு ஒன்று என இரண்டு நிலையங்கள்; நடுவில் ஆறு. ஜே.ஆருக்கு அங்கே சாகா-அராஷியாமா என்று மூன்றாவதாக ஒன்று. ஆரஞ்சு வாயில்களுக்குப் பேர்போன இனாரி ஆலயத்துக்கு ஜே.ஆரில் இனாரி, கெய்ஹானில் ஃபுஷிமி-இனாரி. நண்பரிடம் ‘ஸ்டேஷன்ல நில்லு, வந்துடறேன்’ என்று சொல்லும்போது எந்த நிறுவனத்தின் நிலையம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ரயில் ஏறுவது

கதவில் அட்டையைத் தேய்த்து உள்ளே, தேய்த்து வெளியே. அவ்வளவுதான். பணம் போதாவிட்டால் வெளியேறும் கதவு பட்டென்று மூடிக்கொள்ளும், பின்னால் வருபவர் முட்டிக்கொள்ளும் அளவுக்கு. பதற வேண்டாம். கதவுக்கு உள்பக்கமே கட்டணம் சரிசெய்யும் இயந்திரம் இருக்கும். அங்கே பணம் ஏற்றிக்கொண்டு மறுபடி தேய்க்கலாம். காகிதச் சீட்டு எடுப்பவர்களுக்கும் இதே இயந்திரம் உதவும். எவ்வளவு கட்டணம் என்று தெரியவில்லையா, இருப்பதில் குறைந்த சீட்டை எடுத்துக்கொண்டு ஏறிவிடுங்கள். இறங்கும் இடத்தில் மிச்சத்தைக் கட்டலாம். அபராதம் கிடையாது. சுரங்க ரயிலில் குறைந்த கட்டணம் 220 யென்.

நடைமேடையில் கவனிக்க வேண்டியது வண்டியின் வகை. எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டியும், பெரிய நிலையங்களில் மட்டும் நிற்கும் வண்டியும் ஒரே தண்டவாளத்தில் மாறி மாறி வரும். ஜே.ஆர். நாரா பாதையில் விரைவு வண்டி இனாரியில் நிற்காது. சாதா வண்டி மட்டுமே நிற்கும். அவசரத்தில் வந்த வண்டியில் ஏறினால் கோயிலை ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பீர்கள். ஜே.ஆரில் ‘லிமிடெட் எக்ஸ்பிரஸ்’ என்று போட்டிருந்தால் தனிச்சீட்டு வேண்டும். ஹான்க்யூவிலும் கெய்ஹானிலும் அதே பெயரில் வரும் வண்டிக்குக் கூடுதல் கட்டணம் இல்லை. சொகுசுப் பெட்டியில் உட்கார்ந்தால் மட்டும் உண்டு. ஒசாகா போக ஜே.ஆரின் ‘ஸ்பெஷல் ரேபிட்’ அரை மணி நேரத்தில் கொண்டு சேர்க்கும். அதற்கும் சாதாக் கட்டணமே.

கியோட்டோ நிலையத்தில் நடைமேடை எண்கள் விசித்திரமாக 0-விலும் தொடங்கும், நடுவே தாவி 30-லும் தொடரும். அராஷியாமா பக்கம் போகும் சாகானோ பாதை 31 முதல் 33 வரை, நிலையத்தின் மேற்குக் கோடியில். வாயிலிலிருந்து அங்கே போய்ச் சேரவே ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். இனாரிக்கு 8 முதல் 10 வரையுள்ள நடைமேடைகள்.

பஸ் ஏறுவது

மாநகராட்சி பஸ்ஸில் பின்பக்கக் கதவில் ஏறி, முன்பக்கக் கதவில் இறங்க வேண்டும். காசு இறங்கும்போது. நகருக்குள் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், பெரியவர்களுக்கு 230 யென், சிறுவர்களுக்கு 120. உள்ளூர்க்காரர்களுக்குக் குறைவாகவும் வெளியூர்க்காரர்களுக்குக் கூடுதலாகவும் இதைப் பிரிக்க மாநகராட்சி திட்டமிட்டு வருகிறது. அதனால் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டை இருந்தால் ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் தேய்த்துவிட்டு இறங்கலாம். ரொக்கம் கொடுப்பவர்கள்தான் தடுமாறுவார்கள். அந்தப் பெட்டி மீதிச் சில்லறை தராது; 500 யென் காசைப் போட்டால் 500-ம் போனதுதான். அதே பெட்டியில் சில்லறை மாற்றித் தரும் துவாரம் தனியாக இருக்கிறது. ஆயிரம் யென் தாளையோ 500 யென் காசையோ அங்கே கொடுத்தால் கீழே சின்னக் கிண்ணத்தில் காசுகள் கொட்டும். அதிலிருந்து 230 எண்ணி எடுத்து, மேலே இருக்கும் அகன்ற வாயில் போட வேண்டும். ஐயாயிரம், பத்தாயிரம் தாள்களை அது வாங்காது. இதையெல்லாம் இறங்கும் நிறுத்தத்தில், முதுகுக்குப் பின்னால் இருபது பேர் காத்திருக்கும்போது செய்யாதீர்கள். சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போது முன்னால் போய் மாற்றி வைத்துக்கொள்வதுதான் உள்ளூர்க்காரர்களின் வழக்கம்.

இறங்க வேண்டிய நிறுத்தம் முன்பக்கத் திரையில் வந்ததும் பொத்தானை அழுத்துங்கள். வண்டி நின்ற பிறகு எழுந்தால் போதும். நம் ஊர் பழக்கத்தில் ஓடும் வண்டியில் படிக்கட்டை நோக்கி நகர்ந்தால் ஓட்டுநர் ஒலிபெருக்கியில் உட்காரச் சொல்வார்.

ஜப்பானிலும் வண்டிகள் இடதுபக்கம்தான் ஓடும் என்பது நமக்கு வசதி. எந்தத் திசைக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது உடம்புக்கே தெரியும். இருந்தாலும் 201 முதல் 208 வரையான எண்களில் கவனமாக இருங்கள். இவை வட்டமடிக்கும் பஸ்கள். ஒரே எண் இரண்டு திசையிலும் வரும்; தப்பான பக்கம் ஏறினாலும் என்றோ ஒருநாள் போய்ச் சேர்வீர்கள், அதுவரை ஊரைச் சுற்றிப் பார்க்கலாம். பெரிய முக்குகளில் ஒரே பெயரில் பல நிறுத்தங்கள் ஏ, பி, சி என்று எழுத்திட்டு நான்கு மூலைகளிலும் சிதறியிருக்கும். கூகுள் மேப்ஸ் அந்த எழுத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. பஸ் எண்ணோடு அதையும் பாருங்கள்.

ஒஹாரா போன்ற வெளிப்புற மலையூர்களுக்குப் போகும் பஸ்களில் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம். அவற்றில் ஏறும்போதே அட்டையைத் தேய்க்க வேண்டும், அல்லது பின்கதவருகே நீட்டிக்கொண்டிருக்கும் எண் சீட்டை இழுத்துக்கொள்ள வேண்டும். முன்பக்கப் பலகையில் உங்கள் எண்ணுக்குக் கீழே காட்டும் தொகைதான் கட்டணம்.

அப்புறம் பெட்டி. பெரிய சூட்கேஸுடன் மாநகர பஸ்ஸில் ஏறாதீர்கள். வைக்க இடமில்லை, மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள், ஆனால் முகத்தில் தெரியும். கியோட்டோ நிலையத்தில் காசு போட்டுப் பூட்டும் லாக்கர்கள் ஏராளம். பெரிய அளவு லாக்கர்கள் காலையிலேயே நிரம்பிவிடும். விடுதிக்கே பெட்டியை அனுப்பிவைக்கும் கூரியர் கவுன்ட்டரும் நிலையத்தில் இருக்கிறது. குடும்பமாகப் போனால் அதுதான் நிம்மதி.

நாள் பாஸ் வேண்டுமா?

பஸ்ஸுக்கு மட்டுமான நாள் பாஸை 2023 செப்டம்பரோடு விற்பதை நிறுத்திவிட்டார்கள். இணையத்தில் பழைய கட்டுரைகள் இன்னும் அதைப் பரிந்துரைத்துக்கொண்டிருக்கின்றன, நம்ப வேண்டாம். இப்போது இருப்பது சுரங்க ரயிலும் பஸ்ஸும் சேர்ந்த நாள் பாஸ், 1,100 யென், சிறுவர்களுக்கு 550.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலையில் கியோட்டோ நிலையத்திலிருந்து கிதாஒஜி வரை சுரங்க ரயில் 260. அங்கிருந்து பொன்மண்டபமான கின்காகுஜிக்கு பஸ் 230. அங்கிருந்து கிழக்கே, பெயரின் ஒலியில் அதற்குத் தங்கை போலிருக்கும் இன்னொரு கோயிலான ஜின்காகுஜிக்கு (Ginkaku-ji) இன்னொரு பஸ் 230. மாலையில் ஊருக்குள் திரும்ப 230. மொத்தம் 950. பாஸ் வாங்கியிருந்தால் 150 நஷ்டம். இரவில் இன்னொரு பயணம் சேர்ந்தால்தான் லாபம் தொடங்கும். ஒரு நாளில் ஐந்து முறை ஏறி இறங்குவீர்கள் என்றால் வாங்குங்கள். இனாரி, அராஷியாமா என்று ஜே.ஆரில் சுற்றும் நாளில் வாங்கவே வாங்காதீர்கள். பாஸ் அங்கே செல்லாது.

முக்கியமான இடங்களுக்கு என் வழி

இனாரி ஆலயத்துக்கு ஜே.ஆர். நாரா பாதை, இரண்டாவது நிறுத்தம், ஐந்து நிமிடம், 150 யென் அளவில். பஸ்ஸில் போவதற்குக் காரணமே இல்லை. ஆலயம் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும். ஏழு மணிக்கு முன்னால் போனால் வாயில்களின் வரிசையில் உங்கள் காலடிச் சத்தம் உங்களுக்கே கேட்கும்.

கியோன் என்ற பழைய பகுதிக்குப் போக எல்லோரும் நிலையத்தின் முன்னால் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பார்கள். நீங்கள் அதே நாரா பாதையில் ஒரே ஒரு நிறுத்தம் போய் தோஃபுகுஜியில் இறங்குங்கள். பக்கத்திலேயே கெய்ஹான் நிலையம். அங்கிருந்து வடக்கே மூன்றாவது நிறுத்தம் கியோன்-சிஜோ. இந்த வழியில் சாலை நெரிசல் உங்களைத் தொடாது.

கியோமிசு கோயில்தான் சிக்கலானது. பக்கத்தில் ரயில் இல்லை, அந்தப் பக்கத்து ஹிகாஷியோஜி சாலை மலர்க்காலத்திலும் நவம்பர் இலையுதிர் காலத்திலும் அசையாது. நடக்க முடிந்தவர்கள் கெய்ஹானில் கியோமிசு-கோஜோவில் இறங்கி இருபது, இருபத்தைந்து நிமிடம் மேடேறலாம். வயதானவர்கள் உடன் இருந்தால் காலை எட்டு மணிக்கு முன் பஸ், அல்லது நாலு பேர் சேர்ந்து டாக்ஸி. வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் நிலையத்திலிருந்து குறைந்த நிறுத்தங்களோடு ஓடும் சுற்றுலா விரைவு பஸ் ஒன்று 2024 ஜூன் முதல் இருக்கிறது, கட்டணம் 500 யென். நாள் பாஸ் இருந்தால் அதுவே போதும்.

கின்காகுஜிக்கு மேலே சொன்ன கிதாஒஜி வழிதான். மேலே தெருவுக்கு வராமலே நிலையத்தோடு ஒட்டிய பஸ் முனையத்துக்குப் போகலாம். 204, 205 இரண்டும் அங்கே வரும். ஜின்காகுஜிக்கு நேராகப் போவதானால் இமாதேகவா வரை சுரங்க ரயில், பிறகு கிழக்கு நோக்கி 203. நிஜோ கோட்டைக்கு தோசாய் பாதையில் கோட்டையின் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. நான்சென்ஜி கோயிலுக்கு அதே பாதையில் கேஆகே நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிட நடை, அதுவும் சுகமான நடை.

அராஷியாமாவுக்குப் போகும்போது ஜே.ஆர்., கால் மணி நேரம், 240 யென் சுமாருக்கு. திரும்பும்போது அவசரமில்லை என்றால் ராண்டென்னில் ஏறுங்கள். 1910 முதல் ஓடும் வண்டி, எங்கே இறங்கினாலும் 250 யென். சில இடங்களில் வீட்டுக் கொல்லைகளை உரசிக்கொண்டு போகும், சில இடங்களில் கார்களோடு சேர்ந்து சாலையிலேயே போகும். வேகத்துக்காக அல்ல, அதன் ஆட்டத்துக்காகவே ஏறலாம்.

நடத்தையும் நேரமும்

ரயிலில் போனில் பேசுவதில்லை, முதுகுப் பையை முன்னால் மாட்டிக்கொள்வது, இறங்குபவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நிற்பது. இவ்வளவு போதும். எஸ்கலேட்டரில் டோக்கியோவில் இடதுபக்கம், ஒசாகாவில் வலதுபக்கம் நிற்பார்கள். கியோட்டோவில் இரண்டையும் பார்க்கலாம், முன்னால் நிற்பவர் எந்தப் பக்கமோ அதே பக்கம் நில்லுங்கள்.

கடைசி ரயில் நள்ளிரவையொட்டி முடிந்துவிடும். பஸ்கள் பல பாதைகளில் அதற்கு வெகு முன்பே, பத்து மணியளவிலேயே அடங்கும். இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே போகும்போது திரும்பும் வண்டியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் டாக்ஸிதான், அதன் பின்கதவு தானாகத் திறக்கும், நீங்கள் இழுக்க வேண்டியதில்லை.

ஊர் திரும்பும்போது இக்கோக்கா அட்டையை ஜே.ஆர். கவுன்ட்டரில் கொடுத்தால் 500 யென் முன்பணம் திரும்பக் கிடைக்கும். மீதி இருப்பிலிருந்து 220 யென் பிடித்துக்கொள்வார்கள். அதனால் இருப்பை ஏதாவது சிறு கடையில் ஓனிகிரி என்ற சோற்று உருண்டையோ தேநீரோ வாங்கிக் காலிசெய்துவிட்டுப் போங்கள். பூஜ்யம் இருந்தால் 500-ம் முழுதாகக் கைக்கு வரும். டோக்கியோ வழியாக விமானம் ஏறுபவர்கள் இதைக் கன்சாயை விட்டுக் கிளம்பும் முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். டோக்கியோவில் அந்த அட்டையைத் தேய்த்துப் பயணம் செய்யலாம், பணம் திரும்ப வாங்க முடியாது. மறுபடி வரும் எண்ணம் இருந்தால் அட்டையை வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள். கடைசியாகப் பயன்படுத்திய நாளிலிருந்து பத்து ஆண்டுகள் வரை அது செல்லும்.